எடை போடாத கல்

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி வந்தது. அம்மா வாயில் கிளிப்பைக் கவ்வியபடி, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். மகளின் பார்வை ஜன்னல் பக்கம் இருந்தது. அங்கே அப்பா வழக்கம்போலக் கண்களை மூடி, உதடு லேசாக அசைய நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா யார்கூடப் பேசறாங்க?"

"யாரும் இல்ல. சும்மா யோசிக்கறாங்க. தலைய ஆட்டாத."

பதில் கிளிப்போடு சேர்ந்து வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஜன்னலருகே உதடுகள் நின்றன. அவர் கண்ணைத் திறந்து, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். கோபம் வந்தால் அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்துவார். அன்று கதவு சாத்திய சத்தமே கேட்கவில்லை.

அவருடையது மூக்குக்கண்ணாடிக் கடை. பார்வையைச் சோதித்து, அளவு சொல்லி, சட்டம் பொருத்திக் கொடுப்பார். அவளுக்கு எடைக்கற்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. மருந்து ஆலைகளும் நகைக்கடைகளும் தங்கள் தராசுகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் கற்களை அங்கே அனுப்பும். ஒவ்வொரு கல்லும் சொன்ன எடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, சான்றிதழோடு திருப்பி அனுப்புவார்கள். கல் என்பது பேச்சுக்குத்தான். எல்லாம் கண்ணாடிபோல மின்னும் எஃகுக் குமிழ்கள்.

அவர் நம்புகிறவர், அவள் நம்பாதவள். கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்துக்கு வெளியே, மரப்பெஞ்சில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது இந்தப் பேச்சை அவள்தான் எடுத்தாள். குழந்தை பிறந்தால் அதற்குக் கடவுளைப் பற்றி யார் என்ன சொல்வது? பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். குழந்தை தானாகக் கேட்கும்வரை இருவருமே வாய் திறக்கக்கூடாது. உண்டு என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. கேட்ட பிறகு, கடவுள் இருப்பதை வெறும் அறிவை மட்டும் வைத்து அவர் அவளுக்கு நிரூபித்துக் காட்டவேண்டும். வேதம் கூடாது, அற்புதம் கூடாது, எனக்கு அப்படித் தோன்றுகிறது என்பதும் கூடாது. நிரூபித்துவிட்டால் குழந்தையைத் தன்னோடு ஜன்னலருகே நிறுத்திக்கொள்ளலாம். முடியாவிட்டால் கடைசிவரை தனியாகத்தான் நிற்கவேண்டும். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். கல்யாணத்துக்குக் காத்திருக்கிற மனிதன் எதற்குத்தான் சரி என்று சொல்லமாட்டான்.

அன்று மாலை அவர் அதை நினைவுபடுத்தினார். கேள்வி வந்துவிட்டது என்றார். அதற்கு நீ பதிலும் சொல்லிவிட்டாய் என்றார். அவசரத்தில் வந்த வார்த்தை என்று அவள் சொன்னதை மறுக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு அவகாசம் கேட்டார். மகள் பெரிய பள்ளிக்குப் போகும் முன் முடிவுக்கு வரவேண்டும் என்று அவள் சொன்னாள்.

தினமும் காலையில் அந்த ஜன்னலருகே தனக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தலை தெரியவேண்டும் என்று அவர் எவ்வளவு நாளாக ஆசைப்பட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் சொன்னதில்லை. நிற்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டே நிற்பார்.

முதல் நிரூபணம் பாத்திரம் கழுவுமிடத்தில் வந்தது. கடையில் வாடிக்கையாளர்களுக்கு இடையே கிடைத்த நேரத்தில் அவர் எதையெதையோ படித்திருந்தார். அவள் தேய்த்துக் கொடுக்க, அவர் அலசி அடுக்கிக்கொண்டே சொன்னார். எந்தக் குறையும் இல்லாத ஒன்றை மனதில் நினைத்துக்கொள். அதைவிட உயர்ந்ததாக வேறெதையும் நினைக்கவே முடியாது. அது வெறும் நினைப்பாக மட்டும் இருந்து, உண்மையில் இல்லாமல் போனால், அதுவே ஒரு குறைதானே? குறையில்லாதது என்று சொல்லிவிட்ட பிறகு அது இருந்தே ஆகவேண்டும்.

அவள் ஈரக்கையோடு நின்று யோசித்தாள். பொறி எங்கே இருக்கிறது என்று உடனே தெரியவில்லை. ஏதோ ஒன்று மிகச் சுலபமாக முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த வாணலியைத் தேய்க்கும்போது பிடிபட்டது.

"எங்க லேப்ல குறையே இல்லாத ஒரு கல்லுக்கு விவரம் எழுதி வச்சிருக்கோம். இவ்வளவு எடை, துரு பிடிக்காது, காந்தம் ஒட்டாது, தேயாது. எல்லாம் எழுதிட்டு, கடைசி வரியா 'இந்தக் கல் இருக்கிறது'ன்னு சேத்துட்டா அலமாரில வந்து உக்காந்துடுமா?"

"அது கல்லு. நான் சொல்றது வேற."

"எதா இருந்தாலும் சரி. இருக்குங்கறது அந்தப் பட்டியல்ல வர்ற குணம் இல்லீங்க. பட்டியல் முழுக்க எழுதி முடிச்சிட்டு, அப்புறமா அலமாரியத் திறந்து பாக்கறது."

அவர் கொஞ்ச நேரம் அலசிய தட்டையே மறுபடி அலசிக்கொண்டிருந்தார். பிறகு, இதை ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருப்பதாகப் படித்தேன், நீயும் சொல்வாயா என்று பார்த்தேன் என்றார். சமாளிக்கிறாரோ என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் தோல்வி இல்லை, ஆர்வம்தான் இருந்தது.

இரண்டாவது, சாப்பாட்டு மேசையில் நடந்தது. கீழ் வீட்டில் இருக்கும் அவருடைய அக்காவும் அன்று வந்திருந்தாள். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் காலுக்கடியில் இருக்கும் பிரேக்கை நம்பி உட்கார்ந்திருப்பதால் கடவுளை விடாமல் கும்பிடுகிறவள். தம்பியின் நிரூபணங்கள் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவர் கண்ணைப் பற்றிப் பேசினார். அவருக்கு அதைவிட நன்றாகத் தெரிந்தது வேறில்லை. வெளிச்சத்துக்குத் தகுந்தபடி சுருங்கி விரியும் பாவை, உள்ளே ஒரு வில்லை, பின்னால் ஒரு திரை. இவ்வளவு கச்சிதமான கருவி தானாக வந்திருக்குமா என்று கேட்டார். அவள் சாதத்தைப் பிசைந்தபடியே, அவ்வளவு கச்சிதமாக இருந்தால் உங்கள் கடைக்கு யார் வருவார்கள் என்றாள். அந்த வேலையில் இருக்கும் குறையை வைத்துத்தானே நம் வீட்டில் அடுப்பு எரிகிறது?

அக்கா புரையேறும்வரை சிரித்தாள்.

"தம்பி, எனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரர் இருக்கார்னு இதுவரைக்கும் யாருக்கும் நிரூபிச்சது கிடையாது. இத்தனைக்கும் அந்த மனுஷன் இருக்கறதே தெரியாது."

"அவர் இருக்கார்ங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்லையே அக்கா."

"உனக்கு இருக்கா?"

அக்கா விடவில்லை. சந்தேகம் உன் பெண்டாட்டிக்கு. நிரூபணம் தேடி அலைவது நீ. கடைசியில் நீதான் கெட்டுப்போகப்போகிறாய் என்றாள். தம்பி மனைவியைப் பார்த்து, நீ பாட்டுக்கு நம்பாமல் இரு அம்மா, இவனைக் கெடுக்காதே என்று கேட்டுக்கொண்டாள்.

மூன்றாவது நிரூபணத்துக்கான வழியை அவளுடைய அலுவலகமே காட்டிக்கொடுத்தது. பேருந்துகள் ஓடாத ஒரு நாள் அவளை அழைத்துவர அவர் ஸ்கூட்டரில் போயிருந்தார். கூடத்தின் தலைவர் அவரை வெளியறையில் பிடித்துக்கொண்டார். அந்தத் தலைவரை ஊழியர்கள் தங்களுக்குள் 'மூச்சு சார்' என்பார்கள். தராசுக்குப் பக்கத்தில் யார் நின்றாலும், "மூச்சு, மூச்சு" என்று எச்சரிப்பது அவர் வழக்கம். மூச்சின் சூடு பட்டால் தராசு அலையும். விரல் பட்டால் ரேகையின் எண்ணெய் கல்லின் எடையில் சேரும். அதனால் இடுக்கியால்தான் எடுப்பார்கள். அளப்பதற்கு முன்பு கல் அறையின் சூட்டுக்கு வரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். விருந்தாளி கிடைத்தால் மூச்சு சாருக்குக் கொண்டாட்டம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த உயர்ந்த எஃகு அலமாரியைக் காட்டி விளக்கினார்.

வாடிக்கையாளரின் கல்லை எங்கள் கல்லோடு ஒப்பிடுகிறோம். எங்கள் கல்லை அந்த அலமாரியில் இருக்கும் மூலக்கல்லோடு ஒப்பிடுகிறோம். மூலக்கல்லை மேலிடத்துக் கூடத்துக்கு அனுப்பி அவர்களுடைய கல்லோடு ஒப்பிட்டு வாங்குகிறோம். அவர்கள் அதற்கும் மேலே. அவர் கையை ஏணிப்படிபோல உயர்த்திக்கொண்டே போனார். பிறகு அலமாரியின் பெருமைக்கு வந்தார். பழைய மரப்பெட்டியை எடுத்துவிட்டு அவரே தேர்ந்தெடுத்து வாங்கியது. விளிம்பெல்லாம் ரப்பர், உள்ளே மெத்தென்ற விரிப்பு. ஒரு துளி தூசி போகாது. திறந்து காட்டினார்.

"புது ஷூ டப்பா மாதிரி வாசனை அடிக்குது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அப்படியா, எங்களுக்குப் பழகிவிட்டது என்று மூச்சு சார் கதவை மூடினார். கடைசியாக, விருந்தாளியின் மனைவியைப் புகழ்ந்தார். மூலக்கற்களை இந்த வருஷம் மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய முறை. அனுப்பினால் வாரக்கணக்கில் வேலை நிற்கும். இந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பத் தேவையில்லை என்று காட்டிவிட்டார்கள். மூன்று மூலக்கற்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். அவற்றுக்கிடையே முன்பிருந்த வித்தியாசம் அணுவளவும் மாறவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மாறுவதற்குக் காரணமே இல்லை. ஆகவே எதுவும் மாறவில்லை. எஃகு மாதிரித் தர்க்கம் என்றார் மூச்சு சார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு பையை எடுத்தாள்.

வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி அவர் பேசினார். இரைச்சலில் சொல்லி வீணாக்க மனமில்லை.

"உன் கல்லு சரின்னு எப்படித் தெரியும்? மேல இருக்கற கல்லால. அது சரின்னு? அதுக்கும் மேல இருக்கறதால. இப்படியே முடிவில்லாம போயிட்டே இருந்தா எந்தக் கல்லையும் சரின்னு சொல்ல முடியாது. எங்கயோ ஒண்ணு, யார்கிட்டயும் கேட்டு வாங்காம, தானாவே சரியா இருந்தாகணும். உலகத்துல இருக்கற எல்லாமும் அப்படித்தானே? ஒண்ணு இன்னொண்ணால இருக்கு. எங்கயோ ஒண்ணு தன்னாலயே இருக்கணும்."

அவள் பின்சீட்டிலிருந்து இறங்கி நின்றாள்.

"அறிவை மட்டும் வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு இனிமே நீ சொல்ல முடியாது. நீயே பண்ணியிருக்கியே."

யோசிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். வண்டி மறுபடி கிளம்பியபோது அவர் விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

அந்த வாதம் அவளுக்குப் பிடித்திருந்தது. தொந்தரவே அதுதான். கல் ஆறக் காத்திருக்கும் நீண்ட நேரங்களில், கையுறையை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்து, அந்த ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு படி பொய்ப்படி என்று தோன்றியது. ஆனால் காலை வைத்த ஒவ்வொரு படியும் தாங்கியது. தோற்றால் என்ன ஆகும் என்றும் யோசித்தாள். மகள் ஜன்னலருகே நிற்பாள், அவ்வளவுதான். அதில் பயப்பட என்ன இருக்கிறது? இருந்தும் பயமாக இருந்தது. கண்ணை மூடச் சொல்லி ஒரு குழந்தையைப் பழக்குவது, திறந்து பார்க்காதே என்று பழக்குவதாக ஆகிவிடுமோ என்பதுதான் அந்தப் பயம்.

அந்தச் சமயத்தில் வெளியூர்க் கூடம் ஒன்றிலிருந்து ஒரு கல் வந்தது. கூடங்கள் அவ்வப்போது தங்கள் வேலையைச் சரிபார்த்துக்கொள்ள இப்படிக் கல்லைக் கைமாற்றிக்கொள்வது உண்டு. அளந்து பார்த்தாள். அதன் சான்றிதழில் சொன்னதைவிடக் கல் எடை குறைவாகக் காட்டியது. மறுநாள் மறுபடி அளந்தாள், அதே குறைவு. வழியில் எங்கேயோ உரசித் தேய்ந்திருக்கும் என்றார் மூச்சு சார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வெளியிலிருந்து வந்தவன் மேல்தான் சந்தேகம் போனது. வீட்டில் இருப்பவன் மேல் போகவில்லை. வேறொரு கூடத்திலிருந்து இன்னொரு கல்லை வரவழைத்தார்கள். அதுவும் குறைவாகவே காட்டியது, அதே அளவு.

இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு கற்கள் ஒரே அளவு தேய்ந்து வந்திருக்குமா? அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். முகத்தை உள்ளே நீட்டி மூச்சை இழுத்தாள். பின்னால் யாரோ, "மூச்சு" என்று பழக்கதோஷத்தில் சொன்னார்கள். புது ஷூ டப்பா வாசனை அடித்தது.

மூலக்கல் ஒன்றை எடுத்துச் எரிசாராயத்தால் முறைப்படி துடைத்து, ஆறவைத்து, துடைக்காத மற்ற இரண்டோடு ஒப்பிட்டாள். இத்தனை மாதம் கைகோத்து நின்ற மூன்றில் துடைத்தது மட்டும் இப்போது எடை குறைந்து தனியே நின்றது. விரிப்பும் ரப்பரும் கசியவிட்ட ஆவி, இறுக்கமாக மூடிய அலமாரிக்குள் போக வழியில்லாமல் மூன்று கற்கள் மேலும் ஒரே சீராகப் படிந்திருந்தது. மூன்றும் சேர்ந்தே கனத்திருந்தன. ஒன்றையொன்று கேட்டபோது மூன்றும் மாறவில்லை என்றே சொல்லியிருந்தன. காரணமே இல்லை என்று அவள் எழுதிய இடத்தில் காரணம் ஓர் அலமாரியாக நின்றுகொண்டிருந்தது.

மூச்சு சார் நாற்காலியில் உட்கார்ந்தார். தூசிக்குப் பயந்து வாங்கியது என்றார். தவறு தர்க்கத்தில்தான், உங்கள் அலமாரியில் இல்லை என்று அவள் சொன்னாள். தர்க்கத்தில் என்ன தவறு, வரிக்கு வரி சரியாகத்தானே இருந்தது என்றார் அவர். அதுதான் சார், வரிக்கு வரி சரியாக இருந்தது, கல்லைத்தான் யாரும் கேட்கவில்லை என்றாள். பெரிய விபரீதம் எதுவும் இல்லை. ரேகை எண்ணெய் அளவுக்குத்தான் விலகல். ஆனாலும் அந்த மாதங்களில் கொடுத்த சான்றிதழ்களை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லித் திரும்ப வாங்கவேண்டும்.

அந்த வேலையைத் தொடங்கியபோது, திருத்தப்பட்ட தாளில் விலகல் என்ற கட்டத்தில் அவள் கை பூஜ்யம் போடப் போனது. மூச்சு சார் பின்னாலிருந்து தடுத்தார். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வதுதான். அவளே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"பூஜ்யம்னா அளந்து பாத்தோம், ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். நாம இன்னும் அளக்கலையே. அளக்காததுக்குக் கோடு போடுங்கம்மா."

அவள் கோடு போட்டாள். அடுத்த கட்டத்திலும் போட்டாள். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. வாயில் கவ்விய கிளிப்பும், மகளின் பின்னலும், ஜன்னலருகே நின்றுபோன உதடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. யாரும் இல்லை என்று சொன்னாளே, அது எந்தத் தராசில் போட்டுப் பார்த்த பூஜ்யம்?

அன்று அவள் மாடியேறி வீட்டுக்குப் போகவில்லை. கீழ் வீட்டில் அக்காவிடம் விட்டிருந்த மகளை அழைத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடையில் ஒரு பெரியவர் சோதனை நாற்காலியில் இருந்தார். ஒரு கண்ணைக் கருப்புக் கரண்டியால் மறைத்துக்கொண்டு எதிர்ச் சுவரின் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் கணவர் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எது சரி என்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை. பெரியவர் போனதும் மகள் நாற்காலியில் ஏறிக் கரண்டியைக் கைப்பற்றினாள்.

அவள் லேபில் நடந்தது முழுவதையும் சொன்னாள். அவர் வில்லைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கியபடி கேட்டார். ஷூ டப்பா இடம் வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அதை வைத்து ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அந்த நல்ல குணம் உண்டு.

"அப்ப என் ஏணி?"

"படியெல்லாம் நல்லாதான் இருக்கு. உச்சில ஒண்ணு இருந்தே ஆகணும்னு சொன்னீங்க. நமக்கு வேணும்னு மட்டும்தான் அதுலேர்ந்து தெரியுது. வேணும்னா இருக்கும்னு ஆயிடுமா? ரொம்ப காலம் உலகத்துக்கே மூலமா ஒரு உலோக உருளையப் பூட்டி வச்சிருந்தாங்க. அதோட நகலெல்லாம் அதுலேர்ந்து விலகிப் போச்சு. நகல் கனத்துச்சா, மூலம் இளைச்சுச்சான்னு யாராலயும் சொல்ல முடியல. எல்லாரும் சேந்து உச்சின்னு வச்சுக்கிட்டதுதான் அது. தானா சரியா இருந்ததில்ல."

"அப்ப உச்சின்னு ஒண்ணு கிடையாதுங்கறியா?"

"அதையும் சொல்லல. அப்படியே உச்சில ஒண்ணு இருந்தாலும், காலைல நீங்க பேசறத அது கேக்குமான்னு இந்த ஏணி சொல்லாது. உங்களுக்கு வேண்டியது அதுதானே."

அவர் பெட்டியை மூடினார். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது, நான் தோற்றுவிட்டேன் என்றார். சோகமாகச் சொல்லவில்லை. கணக்கு முடிந்தது என்பதுபோலச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, இதில் எதை வைத்தும் நான் நம்ப ஆரம்பிக்கவில்லை, உன்னிடம் ஜெயிக்கத்தான் தேடினேன் என்றார். இவை எல்லாம் சரியாக வந்திருந்தாலும் காலையில் ஜன்னலருகே போய் நிற்பதற்கு அவை காரணமாக இருந்திருக்காது. எல்லாம் தவறிப்போன பிறகும் நாளைக்கு அங்கே போய்த்தான் நிற்பேன். இது எனக்கே விசித்திரமாக இருக்கிறது என்றார்.

"இங்க கடைல யாருக்காவது, உனக்கு இப்ப நல்லாத் தெரியுதுன்னு நிரூபிச்சிருக்கீங்களா?"

"அது எப்படி முடியும்? அவங்கதான் பாத்துச் சொல்லணும்."

சொல்லிவிட்டு அவரே அந்த வார்த்தைகளைக் கவனித்ததுபோல நின்றார்.

"நானும் தோத்துட்டேன்" என்றாள் அவள். "நிரூபிக்க முடியலன்னா இல்லன்னு எழுதிடலாம்னு நினைச்சேன். அன்னிக்கு இவகிட்ட அதைத்தான் சொன்னேன். நீங்க நிரூபிக்கல, அது உண்மை. நானும் அளக்கல. அளக்காததுக்குப் பூஜ்யம் போட்டுட்டேன். எங்க சார் பாத்திருந்தா வேலைய விட்டே தூக்கியிருப்பார்."

நாற்காலியில் இருந்த மகளின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். மகள் கரண்டியால் ஒரு கண்ணை மறைத்து, மற்றதால் அம்மாவை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு, அப்பா யார்கூடப் பேசறாங்கன்னு கேட்டப்ப, அம்மா யாரும் இல்லன்னு சொன்னேன்ல?"

"ம்."

"அது தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"அப்ப யாரு?"

"அம்மாக்குத் தெரியாது. யாரையும் பாத்ததில்ல. அப்பாக்கு யாரோ இருக்கற மாதிரித் தோணுது. அதனால பேசறாங்க."

மகள் கரண்டியை மறு கண்ணுக்கு மாற்றினாள். "அப்பாக்குத் தெரியுமா?"

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவ்வளவு காலமாக அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார்.

"தெரியும்னு சொல்ல முடியாதும்மா. நம்பறேன். அது வேற."

உடன்பாட்டைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது. கடையைப் பூட்டி வீட்டுக்கு நடக்கும்போது பேசி முடித்தார்கள். உண்டு என்று அவர் சான்றிதழ் கொடுக்கக்கூடாது. இல்லை என்று அவள் கொடுக்கமாட்டாள். மகள் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் நிற்கலாம், நிற்காவிட்டால் கூப்பிடக்கூடாது. என்ன கேட்டாலும் அவரவருக்குத் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லவேண்டும். படியேறும்போது அக்கா கதவைத் திறந்து, யார் ஜெயித்தது என்று கேட்டாள். இருவருமே இல்லை என்றதும், இதற்குத்தானா இத்தனை கூத்து என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் ஜன்னலருகே போய் நின்றார், பக்கத்தில் இடம் விட்டு. மகள் பின்னல் போடாத தலையோடு அறைவாசலில் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவில்லை. அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மகள் உள்ளே ஓடிப்போய்க் கடையிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்திருந்த கருப்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். காலியாக இருந்த இடத்தில் நின்றாள். அப்பாவின் மூடிய கண்களை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒரு கண்ணைக் கரண்டியால் மறைத்துக்கொண்டு, திறந்த கண்ணால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே அக்காவின் பயிற்சிக் கார் யாரையோ ஏற்றிக்கொண்டு, விட்டு விட்டு உறுமியது.

கண்ணைத் திறக்காமலே அவர் கடைக் குரலில் கேட்டார்.

"தெரியுதா?"

"இன்னும் இல்ல" என்றாள் மகள். கரண்டியை மறு கண்ணுக்கு மாற்றினாள்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே காத்திருந்தாள்.